அனுப்பிய அஞ்சல் ஏன் போய்ச் சேரவில்லை?

கடிதத்தை எழுதி உறையிலிட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டால், அத்துடன் நம் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். பெட்டியைத் திறப்பவர் யார், முத்திரை குத்துபவர் யார், எந்த ஊர் வழியாக அது செல்கிறது என்பவற்றை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. கடிதம் போய்ச் சேராதபோதுதான் அவ்வளவும் நினைவுக்கு வருகின்றன. மின்னஞ்சலின் கதையும் இதுவே.

இன்று உலகில் மிகப் பலர் தம் மின்னஞ்சலைக் கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனங்களின் பொறுப்பில் விட்டிருக்கின்றனர். ஆயினும் கல்லூரிகள் சிலவும், ஆய்வுக்கூடங்கள் சிலவும், ஆர்வமுள்ள தனி மனிதர் சிலரும் தமக்கென ஓர் அஞ்சல் வழங்கியைத் தாமே நடத்தி வருகின்றனர். வழங்கி என்பது சர்வர் எனப்படும் கணினி. இரவும் பகலும் விழித்திருந்து, பிறர் கேட்பதைக் கொடுப்பதும் கொடுப்பதை வாங்கிக்கொள்வதும் அதன் தொழில். சொந்த வழங்கி வைத்திருப்போர் அடிக்கடி சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் அஞ்சல் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். தாம் அனுப்பும் அஞ்சல் மட்டும் போகாது. அல்லது போகும், ஆனால் பெறுபவர் கண்ணில் படாது. இதற்குக் காரணங்கள் யாவை, அவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

வருவதற்கும் போவதற்கும் இடையே ஏன் இவ்வளவு வேறுபாடு? வரும் அஞ்சலைப் பெற நம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால் போதும். போகும் அஞ்சலுக்கோ பிறர் வீட்டுக் கதவு திறக்க வேண்டும். முன்னது நம் கையில் உள்ளது. பின்னது பிறர் நம்மீது வைக்கும் நம்பிக்கையைப் பொறுத்தது. அந்த நம்பிக்கை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு குறைந்தது என்பதை அறிந்தால் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்னும் பொறியியலறிஞர், ஆர்ப்பாநெட் என்ற கணினி வலையின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலாக அஞ்சல் அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, இன்று நாம் ‘அட்’ என்று படிக்கும் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1982இல் ஜான் போஸ்டல் என்பவர், ஒரு கணினி மற்றொன்றிடம் அஞ்சலை ஒப்படைக்கும் முறையை வரையறுத்து எழுதினார். எஸ்.எம்.டி.பி. என்பது அதன் பெயர். ‘எளிய அஞ்சல் மாற்று நெறி’ என்று தமிழில் கூறலாம். திருத்தங்கள் பல பெற்றிருப்பினும், உலகத்து அஞ்சல் வழங்கிகள் இன்றும் அந்நெறிப்படியே தமக்குள் பேசிக்கொள்கின்றன.

அந்தப் பேச்சு மிக எளிமையானது. அனுப்பும் வழங்கி, பெறும் வழங்கியின் 25ஆம் எண் வாயிலில் வந்து நிற்கும். கணினியில் வாயில் என்பது ‘போர்ட்’ எனப்படும் எண்; ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு வாயில் உண்டு. பெறும் வழங்கி 220 என்ற எண்ணைக் கூறி வரவேற்கும். வந்தது தன் பெயரைச் சொல்லி வணக்கம் கூறும். ‘நல்லது’ என்பதற்கு அடையாளமாக 250 என்ற விடை வரும். பிறகு ‘இன்னாரிடமிருந்து’ என்று ஒரு வரி, அதற்கு 250. ‘இன்னாருக்கு’ என்று ஒரு வரி, அதற்கும் 250. ‘இதோ கடிதம்’ என்றதும், ‘கொடு’ என்பதற்கு 354. கடிதம் முழுவதும் சென்றபின் ஒரு வரியில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் தனியே வரும். உடனே மீண்டும் 250. அந்த இறுதி 250 வந்த கணமே கடிதத்தின் பொறுப்பு கைமாறிவிடுகிறது. அதுவரை அனுப்பும் வழங்கியே பொறுப்பாளி. அதன் பிறகு பெற்றுக்கொண்ட வழங்கி பொறுப்பாளி. இதை நன்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த உரையாடலில் ஒரு குறை இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். ‘இன்னாரிடமிருந்து’ என்று வந்தவர் கூறுவது மெய்யா என்று யாரும் சோதிக்கவில்லை. அக்காலத்தில் வலையில் இருந்தோர் சிலரே. ஒருவரையொருவர் அறிந்தவர்களே மிகுதி. ஐயப்படுவதற்குக் காரணம் இல்லை. ஆயினும் 1978ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த விற்பனையாளர் ஒருவர், புதிய கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஆர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே வீச்சில் அனுப்பினார். கேளாமல் வரும் விளம்பர அஞ்சலுக்கு, அதாவது இன்று நாம் ஸ்பாம் என்று அழைக்கும் தொல்லைக்கு, அதுவே தொடக்கம் என்பர். 1990களில் இத்தொல்லை வெள்ளமாய்ப் பெருகியது. அன்று முதல் ஒவ்வொரு வழங்கியும், வருபவரை ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியது. நேர்மையாக அஞ்சல் அனுப்புவோரும் அந்த ஐயத்தைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டியதாயிற்று.

இனி, அஞ்சல் போகவில்லை என்றதும் செய்ய வேண்டுவது யாது? பலர் உடனே அமைப்புகளை மாற்றத் தொடங்கிவிடுகின்றனர். இது நாடி பிடித்துப் பார்க்குமுன் மருந்து கொடுப்பதை ஒக்கும். முதற்கேள்வி ஒன்றுதான்: கடிதம் எந்த இடத்தில் நின்றது? நிற்கக்கூடிய இடங்கள் நான்கு. எழுதுபவரின் கணினிக்கும் நம் வழங்கிக்கும் நடுவே நிற்கலாம். நம் வழங்கியின் வரிசையில் நிற்கலாம். பெறும் வழங்கியின் வாயிலில் மறுக்கப்படலாம். அவ்வாயிலைக் கடந்தபின், பெறுபவரின் ஸ்பாம் பெட்டிக்குள் ஒதுக்கப்படலாம். நான்கிற்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

நின்ற இடத்தைக் காட்டும் சான்று, வழங்கி தானே எழுதி வைக்கும் ‘லாக்’ என்னும் குறிப்பேடு. வழங்கிகளில் பரவலாக வழங்கும் அஞ்சல் மென்பொருள்களுள் ஒன்று போஸ்ட்ஃபிக்ஸ் என்பது. ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வீட்ஸே வெனிமா என்பவர் உருவாக்கி, 1998இல் வெளியிட்டது. அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடிதம் ஒன்று உள்ளே வந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் அதற்கு ஓர் அடையாள எண் கொடுக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு குறிப்பேட்டில் தேடினால் அக்கடிதத்தின் வரலாறு முழுவதும் வரிவரியாகக் கிடைக்கும். வரலாற்றின் முடிவில் மூன்று சொற்களுள் ஒன்று இருக்கும்: ‘சென்ட்’ என்றால் ஒப்படைக்கப்பட்டது, ‘டிஃபர்ட்’ என்றால் தள்ளிவைக்கப்பட்டது, ‘பவுன்ஸ்ட்’ என்றால் திருப்பி அனுப்பப்பட்டது. குறிப்பேட்டில் அக்கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அது நம் வழங்கிக்கு வந்து சேரவே இல்லை என்று பொருள். அப்போது பெறுபவரின் வழங்கியை ஆராய்வது வீண்வேலை.

முதல் இடத்தைப் பார்ப்போம். எழுதுபவர் தம் கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ கடிதத்தை நம் வழங்கியிடம் ஒப்படைப்பதற்கு 25ஆம் வாயிலைப் பயன்படுத்துதல் தகாது. அது வழங்கிகள் தமக்குள் பேசும் வாயில். எழுதுபவர்களுக்கென 587, 465 என்ற இரு வாயில்கள் உள்ளன. அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். பேச்சும் பிறர் ஒட்டுக்கேளாதவாறு மறைபொருளாக்கப்படும். வாயில் எண்ணைத் தவறாகக் குறித்தல், பழைய கடவுச்சொல்லை வைத்திருத்தல், வழங்கியின் அடையாளச் சான்றிதழ் காலாவதியாகியிருத்தல் ஆகிய மூன்றும் இங்கே வழக்கமான காரணங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு கட்டணமின்றி வழங்கும் சான்றிதழ்கள் சில திங்களுக்கே செல்லும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனால், நேற்றுவரை இயங்கிய அஞ்சல் இன்று திடீரென நின்றுவிடும். வழங்கியின் கடிகாரம் பிழையாக ஓடினாலும் இதே விளைவு உண்டாகும்.

இரண்டாவது இடம் வரிசை. கடிதம் ‘தள்ளிவைக்கப்பட்டது’ என்றால், காரணமும் அவ்வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். இங்கே ஓர் ஆபத்தைக் குறிப்பிட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் தள்ளிவைத்த கடிதத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும்; முயற்சிகளுக்கு இடையே 300 வினாடி முதல் 4,000 வினாடி வரை காத்திருக்கும். இவ்வாறு ஐந்து நாட்கள் முயன்ற பின்னரே, ‘இயலவில்லை’ என்று எழுதியவருக்குத் தெரிவிக்கும். இடையில் எச்சரிக்கும் வசதி உண்டு. ஆனால் நாமாக இயக்கினாலன்றி அது இயங்காது. மாணவர் ஒருவர் விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் மூன்று நாளில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய கடிதம் வரிசையில் அமைதியாகப் படுத்திருக்கிறது. அவரோ போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கிறார். செய்தி திரும்பி வரும்போது வாய்ப்பும் போயிருக்கும். ஆகவே நான்கு மணி நேரத்தில் எச்சரிக்கை செல்லுமாறு அமைப்பதும், வரிசையை நாள்தோறும் பார்ப்பதும் வழங்கி நடத்துவோரின் கடமைகள்.

கடிதம் வரிசையில் தேங்குவதற்குப் பெருங்காரணம், 25ஆம் வாயில் அடைபட்டிருத்தல். ஸ்பாம் அனுப்புவோர் மலிவாகக் கணினிகளை வாடகைக்கு எடுத்துத் தீங்கு செய்ததனால், வாடகைக் கணினி தரும் நிறுவனங்கள் பல, வெளியே செல்லும் 25ஆம் வாயிலை முதலிலேயே அடைத்து வைத்திருக்கின்றன. வீட்டு இணைப்புத் தரும் நிறுவனங்களும் பெரும்பாலும் அவ்வாறே செய்கின்றன. வரும் வழி திறந்திருக்க, போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கும் விந்தைக்கு இதுவே காரணம். இதைக் கண்டுபிடிக்க ஒரு நுட்பம் உண்டு. இணைப்பு உடனே ‘மறுக்கப்பட்டது’ என்று வந்தால், மறுமுனையில் யாரோ இருந்து ‘இல்லை’ என்று சொல்கிறார்கள். விடையே வராமல் ‘காலம் கடந்தது’ என்று வந்தால், வழியில் ஏதோ ஓர் அரண் நம் செய்தியை ஓசையின்றி விழுங்குகிறது. வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இரண்டு மூன்று வழங்கிகளின் 25ஆம் வாயிலைக் கையால் தட்டிப் பாருங்கள். எல்லாமே காலம் கடந்தன என்றால் அடைப்பு நம் பக்கத்தில் உள்ளது. நிறுவனத்துக்கு எழுதித் திறக்கச் சொல்லலாம். அவர்கள் இணங்காவிடில், அஞ்சலை வாங்கி அனுப்பித்தரும் இடைவழங்கி ஒன்றிடம் 587ஆம் வாயில் வழியே ஒப்படைக்கலாம்.

மற்றொரு காரணம் பெயர்ப் பதிவேடு. டி.என்.எஸ். எனப்படும் இப்பதிவேடு 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்தது. ஒரு முகவரியின் பிற்பகுதியைக் கொடுத்தால், அதற்குரிய அஞ்சலை ஏற்கும் வழங்கி எது என்பதை எம்.எக்ஸ். என்னும் குறிப்பு கூறும். நம் வழங்கியால் பதிவேட்டைக் கேட்க இயலாவிட்டால், செல்லும் திசை தெரியாமல் அஞ்சல் யாவும் தேங்கிவிடும். இதனினும் வேடிக்கையான பிழை ஒன்றுண்டு. கல்லூரியின் இணையதளம் ஒரு வழங்கியிலும் அஞ்சல் வேறொரு வழங்கியிலும் இருக்கும். இணையதள வழங்கியில் உள்ள போஸ்ட்ஃபிக்ஸ், ‘இக்கல்லூரியின் பெயர் என்னுடையதே’ என்று கருதுமாறு அமைக்கப்பட்டிருந்தால், ஆசிரியர்களுக்கு அது அனுப்பும் அஞ்சலை வெளியே விடாமல் தன்னிடமே தேடி, ‘அப்படி ஒருவர் இங்கு இல்லை’ என்று கூறிவிடும். உலகெங்கும் அஞ்சல் போகும்; சொந்தக் கல்லூரிக்கு மட்டும் போகாது.

மூன்றாவது இடம் பிறர் வாயில். இங்கே எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். 4இல் தொடங்கும் மூன்றிலக்க எண், ‘இப்பொழுது இயலாது, பிறகு வா’ என்று பொருள்படும். 5இல் தொடங்குவது, ‘இயலாது, மீண்டும் வராதே’ என்பது. சில வழங்கிகள் அறிமுகமற்றவரை முதன்முறை வேண்டுமென்றே 4இல் தொடங்கும் எண்ணால் திருப்பி அனுப்பும். ஒழுங்கான வழங்கி சற்றுக் காத்திருந்து மீண்டும் வரும்; ஸ்பாம் அனுப்பும் நிரல்களுக்கு அந்தப் பொறுமை இராது. ஆதலின் 4ஐக் கண்டு பதற வேண்டாம், காத்திருந்து பார்க்கலாம். 5ஐக் கண்டால் அதன் பின்னுள்ள சிறு எண்களையும் பார்க்க வேண்டும். 5.1.1 என்றால் அப்பெயருடையவர் இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. இவ்விரண்டிலும் குற்றம் நம்முடையதன்று. 5.7.1 என்றால் விதிகளின்படி மறுக்கப்பட்டது. அதாவது, ‘உன்னை நம்பமாட்டேன்’ என்கிறது அவ்வழங்கி.

நம்பாமைக்கு முதற்காரணம் பெயரும் எண்ணும் பொருந்தாமை. வலையில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. பெயரைக் கொடுத்தால் எண் கிடைப்பதுபோல, எண்ணைக் கொடுத்தால் பெயரும் கிடைக்க வேண்டும். இந்த எதிர்க்குறிப்புக்குப் பி.டி.ஆர். என்று பெயர். எண்ணுக்குரிய பெயரும், அப்பெயருக்குரிய எண்ணும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். வாயிலில் வணக்கம் கூறும்போது சொல்லும் பெயரும் அதுவாகவே இருத்தல் நன்று. இந்த எதிர்க்குறிப்பை நம் பெயர்ப் பதிவேட்டில் நாமே எழுத இயலாது. எண்ணை நமக்கு வாடகைக்குத் தந்த நிறுவனத்தின் வழியாகத்தான் எழுத வேண்டும். பலர் இடறி விழும் இடம் இது. மேலும், ஐ.பி.யில் நான்காம் பதிப்பு, ஆறாம் பதிப்பு என இருவகை உண்டு. நான்காம் பதிப்பு எண்ணுக்கு எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ஆறாம் பதிப்பு எண்ணுக்கு எதிர்க்குறிப்பு எழுத மறந்துவிடுவர். வழங்கியோ சில நேரம் இதன் வழியாகவும் சில நேரம் அதன் வழியாகவும் செல்லும். ஒரே ஆளுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று போய் மற்றொன்று திரும்பினால், இதனை ஐயுறலாம்.

அடுத்து, ‘இன்னாரிடமிருந்து’ என்ற பழைய குறையை நீக்க எழுந்த மூன்று ஏற்பாடுகள். முதலாவது எஸ்.பி.எஃப். ‘எங்கள் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள வழங்கிகள் இவை’ என்று நம் பெயர்ப் பதிவேட்டில் ஒரு பட்டியல் எழுதி வைக்கிறோம். பெறுபவர் அதைப் பார்த்து ஒப்பிடுகிறார். இப்பட்டியலைச் சரிபார்ப்பதற்குப் பதிவேட்டைப் பத்து முறைக்கு மேல் தேட வேண்டியிருந்தால் பட்டியலே செல்லாது. ஒவ்வொரு சேவையாகச் சேர்த்துக்கொண்டே போகும் நிறுவனங்கள் இந்த எல்லையை அறியாமல் தாண்டிவிடுவதுண்டு. இரண்டாவது டி.கே.ஐ.எம். இது அரக்கு முத்திரை போன்றது. வழங்கி தன்னிடமுள்ள இரகசியத் திறவுகோலால் ஒவ்வொரு கடிதத்திலும் முத்திரையிடும். அம்முத்திரையைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் பதிவேட்டில் இருக்கும். வழியில் கடிதத்தின் உடலில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. பதிவேட்டில் எழுதும் ஒரு துண்டில் 255 எழுத்துகளுக்கு மேல் அடங்கா. 2,048 பிட் நீளமுள்ள திறவுகோல் அதனினும் பெரிது. எனவே அதைத் துண்டாக்கி எழுத வேண்டும். துண்டாக்கும்போது ஓர் எழுத்து விடுபட்டாலும் முத்திரை யாவும் பொய்முத்திரையாகிவிடும்.

மூன்றாவது டிமார்க். எஸ்.பி.எஃப். பார்ப்பது உறைமேல் உள்ள பெயரை. படிப்பவர் காண்பதோ கடிதத்தின் உள்ளே உள்ள பெயரை. இவ்விரண்டும் வேறுபடலாம் அல்லவா? உள்ளே காணும் பெயரோடு, உறையின் பெயராவது முத்திரையின் பெயராவது பொருந்த வேண்டும் என்றும், பொருந்தாக் கடிதத்தை என்ன செய்வது என்றும் அறிவிப்பதே டிமார்க். பெறுபவர் தம் கடிதத்தை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், இடையில் வழங்கி மாறுவதால் எஸ்.பி.எஃப். பொய்த்துவிடும், முத்திரை மட்டும் உடையாமல் நிற்கும். ஆதலால் ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று கருதலாகாது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், தம் பயனர்க்கு அஞ்சல் அனுப்பும் எவர்க்கும் முதலிரண்டில் ஒன்றேனும் வேண்டும் என்றும், மிகுதியாக அனுப்புவோர்க்கு மூன்றும் வேண்டும் என்றும் விதித்தன. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோரைக் கூகுள் அவ்வாறு கருதுகிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வருமாயின், தடைப்பட்டியலைப் பார்க்க வேண்டும். ஸ்பாம் வரும் ஐ.பி. எண்களைத் தொகுத்து, பெயர்ப் பதிவேட்டின் வழியாகவே எவரும் கேட்டறியுமாறு செய்யும் முறை 1997இல் பால் விக்ஸி முதலியோர் முயற்சியால் வழக்குக்கு வந்தது. 1998இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பின் பட்டியல்கள் இன்று பெரிதும் மதிக்கப்படுகின்றன. நம் எண் பட்டியலில் இருந்தால் உடனே நீக்குமாறு வேண்டிக்கொள்வது பயன்தராது. ஏன் சேர்க்கப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். நமக்கு முன் அவ்வெண்ணை வாடகைக்கு வைத்திருந்தவர் செய்த தீங்காக இருக்கலாம். அல்லது நம் பயனர் ஒருவரின் கடவுச்சொல் களவாடப்பட்டு, நம் வழங்கியிலிருந்தே இரவோடிரவாக ஆயிரக்கணக்கில் ஸ்பாம் போய்க்கொண்டிருக்கலாம். வரிசையில் வழக்கமாகப் பத்துக் கடிதங்கள் இருந்த இடத்தில் திடீரெனப் பத்தாயிரம் இருந்தால் அதுவே அறிகுறி. அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை அனுப்புவதை நிறுத்துவது. நம் அஞ்சல் போகவில்லையே என்ற கவலையைவிட, நம்மால் பிறர்க்குத் தீங்கு நேர்கிறதே என்ற கவலை பெரிதாக இருத்தல் வேண்டும்.

நான்காவது இடமான ஸ்பாம் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். குறிப்பேட்டில் 250 பதிவாகியிருந்தால் கடிதம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதன்பின் எந்தப் பெட்டியில் இடுவது என்பதை அவ்வழங்கி தன் முறைப்படி முடிவு செய்கிறது. புதிதாகத் தொடங்கிய வழங்கிக்கு நற்பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. தொடக்கத்தில் சிறிதளவே அனுப்பி, பெறுபவர் படித்து மறுமொழி எழுத எழுத நற்பெயர் வளரும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

இவ்வளவு காரணங்களையும் மனப்பாடம் செய்தாலும், அறியாத புதிய நோய் ஒன்று வரத்தான் செய்யும். அப்போது கைகொடுப்பது முறை மட்டுமே. இதற்கோர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1990களில் அஞ்சல் வழங்கியைக் கவனித்துவந்த ட்ரே ஹாரிஸ் என்பவர், 2002இல் எழுதி வெளியிட்ட நிகழ்ச்சி அது. புள்ளியியல் துறைத் தலைவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஐந்நூறு மைலுக்கு அப்பால் எங்கள் அஞ்சல் போவதில்லை என்று முறையிட்டார். மின்னஞ்சலுக்குத் தொலைவு ஏது? எவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அத்துறையினர் புள்ளியியலார் அல்லவா? பல நாள் கணக்கெடுத்து, நிலப்படமும் வரைந்து வைத்திருந்தனர்.

ஹாரிஸ் தாமே சோதித்தார். ரிச்மண்டு, அட்லாண்டா, வாஷிங்டன் ஆகிய ஊர்களுக்குப் போயிற்று. ஏறத்தாழ 400 மைல் தொலைவிலுள்ள பிரின்ஸ்டனுக்கும் போயிற்று. 600 மைலில் உள்ள மெம்ஃபிஸுக்குப் போகவில்லை, பாஸ்டனுக்கும் போகவில்லை. பக்கத்திலேயே வாழும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினார், அதுவும் போகவில்லை. அவருடைய வழங்கி இருந்ததோ நெடுந்தொலைவிலுள்ள சியாட்டில் நகரில். ஆக, ஆள் இருக்கும் இடம் பொருட்டன்று. வழங்கி இருக்கும் இடமே பொருட்டு என்பது உறுதியாயிற்று.

காரணம் இதுதான். வேறொருவர் அக்கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார். அதனுடன் வந்த சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருள், முன்பிருந்ததைவிடப் பழைய பதிப்பு. பழைய மென்பொருளால் புதிய அமைப்புக் கோப்பில் இருந்த சிலவற்றைப் படிக்க இயலவில்லை. மறுமுனை விடையளிக்க எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற எண், படிக்கப்படாமல் சுழியாக நின்றுவிட்டது. அக்கணினியில் சுழி என்பது நடைமுறையில் மூன்று மில்லிநொடிக்குச் சற்று மிகுதியாக அமைந்தது. அதற்குள் விடை வராவிட்டால் முயற்சி கைவிடப்படும். அப்பல்கலைக்கழக வலையமைப்பில் வழித் தாமதம் மிகக் குறைவு. எனவே காலத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஒளியின் வேகமே. மூன்று மில்லிநொடியில் ஒளி செல்லும் தொலைவைக் கணக்கிட்டார் ஹாரிஸ். 558 மைலுக்குச் சற்று மேல் என்று வந்தது. விவரங்கள் சிலவற்றை மாற்றியே எழுதியதாக அவரே கூறியிருக்கிறார். எனவே எண்களை மிக நுணுக்கமாகப் பற்றிக்கொள்ள வேண்டுவதில்லை. பொருந்தாததாகத் தோன்றிய முறையீட்டை அவர் தள்ளிவிடாமல் சோதித்தார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இதுவரை கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம். முறையிடுபவர் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். எப்போதிலிருந்து, யாருக்கு, எத்தனை முறை என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பேட்டைப் படித்துக் கடிதம் நின்ற இடத்தைக் காண வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கை ஒருசேர மாற்றினால், குணமானாலும் எதனால் குணமாயிற்று என்பது தெரியாது. மாற்றியதை நாளுடன் எழுதி வைக்க வேண்டும். இவற்றோடு மற்றொன்றும் உண்டு. குறிப்பேட்டில் யார் யாருக்கு எழுதினார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். வழங்கியை நடத்துபவர் தம் வேலைக்கு வேண்டிய அளவே அதைப் பார்த்து, பார்த்ததைப் பிறரிடம் பேசாதிருத்தல் வேண்டும். தபால்காரர் கடிதத்தைப் பிரிப்பதில்லை என்ற நம்பிக்கையில்தானே நாம் கடிதம் எழுதுகிறோம்!

இத்தனை இடர்ப்பாடு எதற்கு, பெருநிறுவனங்களிடமே விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பலருக்கு அதுவே தக்க வழி. ஆயினும் மின்னஞ்சல் நெறி எந்த ஒரு நிறுவனத்துக்கும் உடைமையன்று. எவரும் படித்து, எவரும் வழங்கி அமைத்து, எவருடனும் பேசலாம் என்று எழுதப்பட்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் சிலரேனும் இருந்தால்தான் அது ஏட்டோடு நில்லாமல் நடைமுறையிலும் வாழும். மாணவர்களாகிய உங்களில் ஒருவர் நாளை ஒரு கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ நூலகத்துக்கோ இப்பொறுப்பை ஏற்கலாம். அன்று ஒருவர் வந்து, ‘என் கடிதம் போகவில்லை’ என்று சொன்னால், அமைப்புகளில் கைவைக்கும் முன் குறிப்பேட்டைத் திறந்து, அது எங்கே நின்றது என்று பாருங்கள்.